துண்டுத் தாளும் பென்சிலும்

இக்கட்டுரையைத் தொடர்ந்து படிக்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு நண்பர் இருந்தால் போதும். அவரை 5, 8, 2, 9, 4 என்று விநாடிக்கு ஓர் எண் வீதம் ஒரே ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். கேட்டு முடித்ததும் அதே வரிசையில் திருப்பிச் சொல்லுங்கள். எளிதாக முடிந்துவிடும். அடுத்து 7 எண்களை வாசிக்கச் சொல்லுங்கள். அதன்பின் 9 எண்கள். ஏழைத் தாண்டும்போதே நாக்குத் தடுமாறத் தொடங்கும். ஒன்பதில் பெரும்பாலோர் தோற்றுவிடுவார்கள்.

இது உங்கள் குறையன்று. மனித மூளையின் அமைப்பே அப்படி. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் இந்த எல்லையை, ஏழு, அதற்கு இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் என்பவர் இதை மீண்டும் ஆராய்ந்தார். எண்களை மனத்துக்குள் முணுமுணுத்துக்கொள்வது, இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கட்டிக்கொள்வது போன்ற தந்திரங்களை விலக்கிவிட்டால், எல்லை நான்கு அளவில்தான் நிற்கிறது என்பது அவர் முடிவு. நான்கு! ஒரு கையின் விரல்களைவிட ஒன்று குறைவு.

இப்போது நாளைய தினத்தை நினைத்துப் பாருங்கள். இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மனப்பாடப் பாடல் ஒப்பிக்க வேண்டும். வரைபடத் தாள் இரண்டு வாங்க வேண்டும். நண்பனிடம் வாங்கிய காம்பஸ் பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். வரும் வழியில் ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்டு வர வேண்டும். மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். இதோ, ஆறு ஆகிவிட்டது. நான்கு பிடிக்கும் கூடையில் ஆறை அடைத்தால் இரண்டு வழியில் விழத்தான் செய்யும். எது விழும் என்பது நம் கையில் இல்லை. பெரும்பாலும் முக்கியமானதுதான் விழும் என்று நமக்குத் தோன்றும். முக்கியமில்லாதது விழுந்தால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை அல்லவா?

நம் வீட்டுப் பெரியவர்கள் இதை உளவியல் படிக்காமலே அறிந்திருந்தார்கள். கல்யாணச் சாமான் எழுத உட்காரும்போது பாருங்கள். தாளின் தலையில் பிள்ளையார் சுழி, முதல் வரியில் மஞ்சள், பிறகு குங்குமம், வெற்றிலை, பாக்கு என்று இறங்கிக்கொண்டே போகும். மளிகைக் கடைக்குப் பட்டியல் இல்லாமல் போகாத நாம், ஒரு முழு நாளுக்குள் மட்டும் வெறுங்கையோடு நுழைந்துவிடுகிறோம்.

முடியாத வேலையின் முணுமுணுப்பு

ப்ளூமா ஸைகார்னிக் என்ற இளம் ஆய்வாளர் பெர்லினில் நடத்திய ஒரு சோதனையை 1927-இல் வெளியிட்டார். வந்தவர்களுக்கு இருபது அளவிலான சிறு வேலைகள் கொடுத்தார். மணி கோப்பது, புதிர் விடுவிப்பது போன்றவை. பாதி வேலைகளை முடிக்கவிட்டார். மறுபாதியை நடுவிலேயே நிறுத்திப் பிடுங்கிக்கொண்டார். பின்னர், என்னென்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டபோது, நிறுத்தப்பட்ட வேலைகளே அதிகமாக நினைவுக்கு வந்தன. பிற்காலத்தில் இதே சோதனையைச் செய்தவர்களுக்கு எல்லா இடத்திலும் இதே முடிவு கிட்டவில்லை. எனவே இதை நியூட்டன் விதி போல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முடிக்காத வேலை மனத்தில் வந்து வந்து கதவைத் தட்டும் என்பதை நீங்களே அறிவீர்கள். கணிதப் பரீட்சைக்குப் படிக்கும்போது வேதியியல் நோட்டு நினைவுக்கு வரும். வேதியியலை எடுத்தால் கணிதம் வரும்.

இந்தத் தட்டலை நிறுத்துவது எப்படி? வேலையை முடித்துவிட்டால் நிற்கும் என்பது தெரிந்ததே. வியப்பு என்னவென்றால், முடிக்காமலே நிறுத்தலாம். மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். மாணவர்களுக்கு முடிக்காத வேலைகளை நினைவூட்டிவிட்டு ஒரு கதையைப் படிக்கச் சொன்னார்கள். வேலை நினைவு குறுக்கிட்டுக் குறுக்கிட்டு அவர்களால் கதையில் ஊன்ற முடியவில்லை. ஆனால் அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டமாக எழுதிவைத்தவர்களுக்கு அந்தக் குறுக்கீடு மறைந்துவிட்டது. வேலை அப்படியேதான் இருந்தது. அதற்கு ஒரு நேரம் குறித்தாயிற்று என்றதும் மூளை விட்டுவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெறுமனே வேலையின் பெயரை எழுதுவதற்கும் திட்டமாக எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. மாணவர்களின் பட்டியல்களில் நான் அடிக்கடி காணும் ஒரு வரி: "இயற்பியல் படிக்க வேண்டும்." இது வேலை அன்று, ஆசை. எங்கே தொடங்குவது? எப்போது முடிந்தது என்று சொல்வது? இந்த வரியைக் கோடிட்டு அடிக்கும் நாள் வரவே வராது. நானே இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயற்பியல் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒளியியல், பயிற்சிக் கணக்கு 5 முதல் 9 வரை. இரவு 7 மணி, சாப்பாட்டுக்கு முன், திண்ணையில்." இப்போது கைக்கு வேலை தெரிகிறது. எந்தப் புத்தகத்தை எடுப்பது, எந்தப் பக்கத்தைத் திறப்பது, எங்கே உட்காருவது, எங்கே நிறுத்துவது எல்லாம் அந்த ஒரு வரியில் உள்ளன.

ஜெர்மானிய உளவியலார் கோல்விட்ஸரும் பிராண்ட்ஸ்டேட்டரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருத்தமானது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் செல்லும் மாணவர்களிடம், பண்டிகையை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்பக் கேட்டார்கள். ஒரு பகுதியினரை மட்டும், எந்த இடத்தில், எந்த நேரத்தில் எழுதப்போகிறீர்கள் என்று முன்னதாகவே குறித்துத் தரச் செய்தார்கள். அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சொன்ன காலத்துக்குள் எழுதினார்கள். இடமும் நேரமும் குறிக்காதவர்களில் எழுதியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். இரு பகுதியினருக்கும் விடுமுறை ஒன்றே, வேலையும் ஒன்றே.

பொருளுக்கும் ஒரு நேரம் உண்டு

வரிகளை நன்றாக எழுதிவிட்டோம். எதை முதலில் செய்வது? "முக்கியமானதை முதலில் செய்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் நின்று பார்த்தால் இது போதாது என்பது புரியும்.

கல்லூரியில் நியூட்டனின் குளிர்வு விதிச் சோதனை செய்ய மாணவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரிப்போம். ஒரு சோடி முதலில் கலோரிமீட்டரை எடை போடும். பிறகு அட்டவணை வரையும். பிறகு நிறுத்துகடிகாரத்தைத் தேடும். எல்லாம் ஆனபின் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, கொதிக்கும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இன்னொரு சோடி உள்ளே நுழைந்ததும் தண்ணீரை அடுப்பேற்றிவிட்டு மற்றவற்றைச் செய்யும். அட்டவணை முடியும்போது தண்ணீரும் தயார். தண்ணீரை அடுப்பில் வைப்பது அரை நிமிட வேலை. அறிவு வேண்டாத வேலை. ஆனால் அதில் தண்ணீருடைய நேரம் கால்மணிக்கு மேல். நம் நேரம் வேறு, பொருளின் நேரம் வேறு. பட்டியல் போடுபவர் ஒவ்வொரு வரிக்கும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அரியலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல்லை அரைத்துச் சுடும் சுழல் சூளைக்குள் வெப்பம் 1450 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். உள்ளே தேய்ந்த செங்கல்லை மாற்ற வேண்டுமானால், ஆள் நுழையும் அளவுக்குச் சூளை ஆற வேண்டும். எத்தனை பேரை நிறுத்தினாலும் அதை விரட்ட முடியாது. அங்கிருந்து மூட்டையில் வரும் சிமென்டும் அப்படித்தான். கொத்தனார் தளம் போட்ட மறுநாள் மேலே சிறு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார் அல்லவா? சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. ஏழு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலிமை வரும். முழு வலிமையை 28-ஆம் நாளில் சோதித்துப் பார்ப்பது வழக்கம். நல்ல கொத்தனார், முட்டுகள் கீழே நிற்கும் அந்த நாட்களில் மேலே கைப்பிடிச் சுவரைப் பார்ப்பார், தச்சரிடம் கதவுக்குச் சொல்லி வைப்பார். பிரித்த பிறகுதான் கதவு நினைவுக்கு வந்தால், வீட்டுக்காரர் அந்த மாதமும் வாடகை கொடுக்க வேண்டியதுதான்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் ஊர். ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நால்வர் அறிவியல் கண்காட்சிக்கு ஓர் ஆய்வு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தங்கள் ஊர்க் கரிசல் மண்ணிலும், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புச் செம்மண்ணிலும் மக்காச்சோளத்தை முளைக்கவிட்டு உயரத்தை ஒப்பிட வேண்டும். இன்று சனிக்கிழமை, முதல் நாள். 18-ஆம் நாளுக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். வேலைகள் இவை: செம்மண் கொண்டுவந்து விதைக்க 1 நாள், பயிர் வளர, தினமும் அளக்க 10 நாள், வரைபடம் போட 1 நாள், அறிக்கை எழுத 3 நாள், தலைமை ஆசிரியர் படித்துக் கையெழுத்திட 1 நாள், வண்ண அட்டை தயாரிக்க 2 நாள், நூலகத்தில் குறிப்பெடுக்க 2 நாள்.

பெரும்பாலோர் எதில் தொடங்குவார்கள்? வண்ண அட்டையில்தான். கையில் ஸ்கெட்ச் பேனா இருக்கிறது, உற்சாகமும் இருக்கிறது. அடுத்து நூலகம். நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் செம்மண் எடுக்கப் போனால், 5-இல் தொடங்கி, 10 நாள் வளர்ந்து, வரைபடம், அறிக்கை, கையெழுத்து எல்லாம் முடிய 20-ஆம் நாள். இரண்டு நாள் தாமதம். அதுவும் ஐந்தாம் நாள் புதன்கிழமை. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கே 30 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அங்கிருந்து ஜெயங்கொண்டம் போய் மாமா தோப்பில் மண் எடுத்துத் திரும்ப விடுமுறை வேண்டும். ஆகவே அடுத்த சனி, எட்டாம் நாள். முடிவது 23-ஆம் நாள்.

முதல் நாளே மண் கொண்டுவந்து விதைத்துவிட்டால்? 1 + 10 + 1 + 3 + 1, ஆக 16. அட்டையும் நூலகமும் எங்கே போயின? பயிர் வளரும் பத்து நாளுக்குள் அவை அடங்கிவிட்டன. யாரும் ஒரு மணி நேரம்கூட அதிகமாக உழைக்கவில்லை. வேலை அதேதான், வரிசை மட்டுமே மாறியது. ஓர் அணி கண்காட்சிக்குப் போகிறது; மற்றது பத்து நாள் வளர்த்த பயிரோடு வீட்டில் இருக்கிறது.

மண், விதை, வளர்ச்சி, வரைபடம், அறிக்கை, கையெழுத்து என்னும் இச்சங்கிலியில் எந்தக் கண்ணி ஒரு நாள் பிந்தினாலும் முடிவும் ஒரு நாள் பிந்தும். அட்டை வேலை மூன்று நாள் பிந்தினாலும் ஒன்றும் ஆகாது. முதல்வகைச் சங்கிலிக்கு 'கிரிட்டிகல் பாத்' என்று பெயர். தமிழில் நெருக்கடிப் பாதை எனலாம். அமெரிக்காவின் டூபாண்ட் இரசாயன நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் கணிப்பொறி நிறுவனமும் 1957 வாக்கில் ஆலைப் பணிகளைத் திட்டமிட இம்முறையை உருவாக்கின. அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு முறையைக் கையாண்டது. ஆயிரக்கணக்கான வேலைகளுக்குக் கணிப்பொறி வேண்டும். ஏழு வேலைகளுக்கு நோட்டின் கடைசிப் பக்கம் போதும்.

ஒரு சந்தேகம் எழ வேண்டும். எழாவிட்டால் நீங்கள் கணக்கைச் சரியாகப் பார்க்கவில்லை. அறிக்கை எழுத மூன்று நாள் என்று யார் சொன்னது? நாம்தான் சொன்னோம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த கனடா மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரி 55 நாளுக்கும் சற்று மேல். மனிதர் எல்லோரிடமும் இந்தச் சாய்வு உண்டு. எதிர்காலத்தில் காய்ச்சலோ, மின்வெட்டோ, விருந்தாளியோ வருவதாக நாம் கற்பனை செய்வதில்லை. இதற்கு ஒரே மருந்து, சென்ற முறை இதே வேலைக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று பார்ப்பது. சென்ற ஆண்டு அறிக்கைக்கு ஐந்து நாள் ஆகியிருந்தால், இந்த ஆண்டும் ஐந்து என்றே எழுதுங்கள். இப்போது நம் மாணவிகளின் கணக்கு 16 அன்று, 18. முதல் நாளே விதைத்தாலும் மிச்சம் ஒரு நாள்கூட இல்லை.

மருதையாற்றுக்கு அருகே

இதுவரை சொன்னது ஒருமுறை செய்து முடிக்கும் வேலைகளுக்கான பட்டியல். ஒரே வேலையை நூறு முறை செய்பவர்களுக்கு வேறுவகைப் பட்டியல் வேண்டும். அதன் அருமையை அரியலூர்ப் பக்கம் இருப்பவர்கள் அறிவார்கள்.

மருதையாறு பச்சைமலையில் தோன்றிப் பெரம்பலூர்ப் பக்கமாக ஓடிக் கொள்ளிடத்தில் சேர்கிறது. பெரும்பாலும் வறண்டு கிடக்கும் ஆறு. 1956 நவம்பர் 23, அதிகாலை. கனமழையால் ஆறு பெருக்கெடுத்திருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி செல்லும் எக்ஸ்பிரஸ், அரியலூர் நிலையத்தைத் தாண்டி வந்தது. வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. 150 பேர் அளவில் உயிரிழந்தனர். மத்திய ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

ஒரு தாளும் பென்சிலும் வெள்ளத்தை நிறுத்தியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மழைக்காலத்தில் ரயில் பாதையைக் காக்கும் முறையைப் பாருங்கள். ஆற்றுப் பாலங்களின் தூண்களில் அபாய மட்டம் வண்ணத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இரவில் பாதையோரம் நடக்கும் காவல் ஊழியரிடம் விளக்கு, கொடி, தண்டவாளத்தில் வைத்து வெடிக்கச் செய்யும் எச்சரிக்கை வெடி ஆகியவற்றோடு ஒரு சிறு புத்தகமும் இருக்கும். தம் பகுதியின் எல்லைவரை நடந்துபோய், எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஊழியரோடு அந்தப் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்து ஆளின் புத்தகம் தம் கையில் இல்லையென்றால், ஒருவர் அந்த எல்லைக்கு வரவில்லை என்று பொருள். அவர் தூங்கியிருக்கலாம், அல்லது நடுவே பாதை இல்லாமல் போயிருக்கலாம். 'பார்த்தேன்' என்ற சொல்லை நம்பாமல், பார்த்ததற்குச் சாட்சியைக் கையில் கொண்டுவரும் ஏற்பாடு இது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடும்கூட.

திறமைசாலிக்குப் பட்டியல் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. 1935 அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு இன்ஜின் விமானம் சோதனைப் பறப்பில் விழுந்து இருவர் இறந்தனர். ஓட்டியவர் மிகுந்த அனுபவசாலி. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாதபடி வால் சுக்கானைப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டை விடுவிக்க மறந்துபோயிற்று, அவ்வளவே. அதன் பிறகு விமானிகள் செய்தது அதிகப் பயிற்சி அன்று; ஒரு சிறு அட்டையில், கிளம்புமுன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதினார்கள். 2007-08-இல் உலகச் சுகாதார நிறுவனம் புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில், அறுவைச் சிகிச்சைக்கு 19 வரிகள் கொண்ட இத்தகைய பட்டியலைச் சோதித்தது. சிகிச்சைக்குப்பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தனர். நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம் அறுப்பது என்பவை அந்த வரிகளில் சில. சிரிப்பு வருகிறதா? ஸ்குரூ கேஜில் சுழிப்பிழை பார்க்க மறந்து, எடுத்த அளவெல்லாம் தவறிப்போன மாணவர்களை நான் ஆண்டுதோறும் காண்கிறேன்.

எனவே செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் இரவு எழுதும் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுத வேண்டாம். ஹால் டிக்கெட், ரெக்கார்டு நோட்டு, பென்சில், அளவுகோல், கால்குலேட்டர் அனுமதி உண்டா என்ற கேள்வி எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். தங்கைக்கும் பயன்படும். அன்றாட வேலைகளுக்கான தாள் மட்டும் தினம் மாறட்டும்.

அந்தத் தினசரித் தாளைப் பற்றி இரண்டொரு சொல். செல்பேசியில் எழுதினாலும் சரி, தாளில் எழுதினாலும் சரி, இடம் ஒன்றாக இருக்கட்டும். நோட்டில் பாதி, உள்ளங்கையில் பாதி எழுதினால் பட்டியலைத் தேடுவதே ஒரு வேலையாகிவிடும். நால்வர் சேர்ந்து செய்யும் வேலையானால் ஒவ்வொரு வரியின் எதிரிலும் ஒருவர் பெயர் வேண்டும். "நாம் பார்த்துக்கொள்வோம்" என்ற வரியை ஒருவரும் பார்ப்பதில்லை. மூன்று நாளாக அடிபடாமல் நிற்கும் வரியை நான்காம் நாள் அப்படியே பெயர்த்து எழுதாதீர்கள். ஒன்று, அது மிகப் பெரிது. இரண்டாக வெட்ட வேண்டும். அல்லது வேறொருவருக்காகக் காத்திருக்கிறது. அப்படியானால் எழுத வேண்டிய வரி "அவரைப் போய்க் கேட்பது". அல்லது அதைச் செய்ய உங்களுக்கு விருப்பமே இல்லை; அதை அடித்துவிட்டு, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எழுத ஏற்ற வேளை இரவு, படுக்குமுன். 2018-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்தார்கள். ஒரு பகுதியினர் அன்று செய்து முடித்தவற்றை ஐந்து நிமிடம் எழுதினார்கள். மற்றவர்கள் வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றை ஐந்து நிமிடம் எழுதினார்கள். இரண்டாம் பகுதியினர் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். அவர்களிலும், விவரமாக எழுதியவர்கள் இன்னும் விரைவாகத் தூங்கினார்கள்.